எத்தனை கயிறு தெரிகிறது?

குழாய்க் கிடங்கில் அவனை எல்லோரும் வெயிலான் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. பளீரென்று வெயில் அடிக்கும் நாளில் அவன் கிரேனின் உச்சிக் கூண்டில் ஏறி உட்கார்ந்தான் என்றால், இரும்புக் குழாய்க் கட்டைத் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல லாரியில் கிடத்துவான். ஒருமுறை கீழே தேநீர் டம்ளரை வைத்து அதன்மேல் கட்டை இறக்கச் சொன்னார்களாம். டம்ளருக்கு ஒன்றும் ஆகவில்லையாம், தேநீரில் ஆடை மட்டும் லேசாகக் கலைந்திருந்ததாம். கிடங்கில் அளப்பதற்கா ஆள் பஞ்சம்? பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம்.

வானம் மூடிக்கொண்ட நாளில் நிலைமை தலைகீழ். ஆமை வந்து நின்று பார்த்துவிட்டு, நாம் எவ்வளவோ தேவலை என்று போகும், அப்படி இறக்குவான். லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்தி அழுத்திச் சலித்துப்போவார்கள். சூரியனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் கொக்கியை இறக்குவாயா என்று கீழேயிருந்து கத்துவார்கள். வெயிலான் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

உண்மை என்னவென்றால், அவன் சுமையைப் பார்த்து இறக்குகிறவன் இல்லை. சுமையின் நிழலைப் பார்த்து இறக்குகிறவன். மேலிருந்து கட்டு இறங்க இறங்க, தரையில் அதன் நிழல் எதிர்கொண்டு வரும். இரண்டும் நெருங்கும்போது லிவரைத் தளர்த்த வேண்டும், ஒட்டிக்கொண்டால் நிறுத்த வேண்டும். கிரேன் ஓட்டுகிற எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான். யாரிடமும் கேட்டதில்லை. எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்று யாராவது கேட்பார்களா?

அவனுடைய இடது கண் பிறந்ததிலிருந்தே மந்தம். அதையும் அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வலது கை எழுதுகிறது, இடது கை சும்மா கூடவே வருகிறது. கண்ணும் அப்படித்தான் என்று முடிவு கட்டியிருந்தான். வருடத்துக்கொரு முறை கிடங்கில் கண் பரிசோதனை நடக்கும். வரிசையில் நிற்கும்போதே நல்ல கண்ணால் அந்த எழுத்து அட்டையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் நெட்டுருப் போட்டுவிடுவான். வலது கண்ணைப் பொத்தச் சொன்னதும் கடகடவென்று ஒப்பிப்பான். ஒருமுறை பரிசோதிக்க வந்தவர் அட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்த பிறகும் இவன் கடைசி வரியை ஒப்பித்துக்கொண்டிருந்தானாம். அவனே சொல்லிச் சிரிக்கும் கதை இது. ஏமாற்றுவதாக அவனுக்குத் தோன்றியதே இல்லை. பரிசோதனை என்றால் சரியான பதில் ஒன்று இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவ்வளவுதானே?

மனைவியின் தம்பியும் அதே கிடங்கில்தான் இருந்தான். கீழே நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை. அதனால் அவன் பெயர் கைகாட்டி. மேகம் கவிந்த ஒரு மத்தியானம், ட்ரெய்லரில் கட்டுக்கு அடியில் வைக்கிற மரத்துண்டை அவன் நகர்த்திக்கொண்டிருந்தான். இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று மேலே இருந்தவன் நினைத்தான். இடம் இல்லை. கைகாட்டியின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிஞ்சின.

விசாரணை நடந்தது. நிறுத்து என்று கைகாட்டிதான் கையைத் தாமதமாகக் காட்டினான் என்று எழுதினார்கள். வெயிலானும் அப்படித்தான் சொன்னான், அப்படித்தான் நம்பினான். பாவம், கைகாட்டியும் அதையே நம்பினான். வேலை போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டான். நகம் வெட்டுகிற வேலை மிச்சம் என்று அவனே கேலி பேசுவான். அவன் அக்கா சிரிக்க மாட்டாள், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இந்த வீட்டில்தான் கிளி வளர்ந்தாள். வெயிலானின் ஒரே மகள். சொன்னதைச் சொல்லுவாள் என்பதால் அந்தப் பெயர். எதை ஒருமுறை கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் ஞாபகசக்தி. பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் வாசிக்கிற அழகைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கண்ணு போட்டுவிடுவார்கள் என்று அம்மாக்காரி பயந்ததுண்டு. எழுதும்போதுதான் கொஞ்சம் இடித்தது. எழுத்துகள் கோட்டில் நிற்காது, சர்க்கரையைக் கண்ட எறும்பு மாதிரி மேலே ஏறிப் போகும். குழந்தைதானே, போகப் போகச் சரியாகும் என்றார்கள்.

ஒரு நாள் அவள் வாசிக்கும்போது டீச்சர் தவறுதலாக அவள் புத்தகத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். கிளி, விட்டுப்போன பக்கத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டே போனாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு வாசிக்கவே வராது. பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, முழுப் புத்தகத்தையும் விழுங்கி வைத்திருந்தாள்.

டீச்சர் வெயிலானைக் கூப்பிட்டனுப்பினார். வருடக் கடைசியில் வாசிப்புத் தேர்வு இருக்கிறது, இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுப்போம், வாசிக்காவிட்டால் பின்கட்டு வகுப்புக்குத்தான் அனுப்ப வேண்டிவரும் என்றார். அந்த வகுப்பு அவனுக்குத் தெரியும். கழிப்பறைகளுக்குப் பக்கத்து அறை. படிப்பு ஏறாது என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து காகித உறை ஒட்டுவார்கள். அங்கே போன பிள்ளை முன்கட்டுக்குத் திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கிளியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். கண் பிரிவில் யாரிடமோ சொல்லி, யாரிடமோ அழுது, மகளைக் கொண்டுபோய்க் காட்டினாள். அங்கே கண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயதுதான், ஆனாலும் எல்லோரும் மேடம் என்றார்கள். கிளிக்குத் தனித்தனியாக இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது, சேர்ந்து வேலை செய்யத்தான் தெரியவில்லை என்றாள் மேடம். இரண்டும் நல்ல மாடுதான், ஒரே வண்டியில் பூட்டினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. கிட்டத்தில் பார்க்கும்போது ஒரு எழுத்து இரண்டாகும், ஒரு வரி இன்னொன்றின்மேல் ஏறிப் படுக்கும். பழக்கினால் சரியாக வரும், ஆனால் வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும் என்றாள். வீட்டில் வேறு யாருக்காவது கண்ணில் கோளாறு உண்டா என்றும் கேட்டாள். வெயிலான் இல்லை என்றான். கோளாறு என்று அவன் நினைக்கவில்லையே.

பயிற்சிகளில் பல ரகம். ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் பச்சையுமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு புள்ளிக்குப் புள்ளி கோடு இழுப்பது. சுவரில் ஒரு எழுத்து, கையில் இருக்கும் அட்டையில் ஒரு எழுத்து என்று மாற்றி மாற்றி வாசிப்பது. எல்லாவற்றிலும் முக்கியம் மணிக் கயிறு. நீளமான வெள்ளைக் கயிற்றில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணிகள். ஒரு முனையை மூக்கு நுனியில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுமுனையை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். கிட்டே இருக்கிற சிவப்பு மணியை உற்றுப் பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து உழைக்கிறவர்களுக்கு அந்த ஒரு கயிறு இரண்டாகத் தெரியும். இரண்டும் மணியில் வந்து ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். கிளிக்கு வெட்டுகிற இடம் மணியைத் தாண்டி எங்கோ போயிற்று. அதை மணிக்கே இழுத்து வருவதுதான் பயிற்சி.

வேலை முடிந்து வந்ததும் வெயிலான் மகளை உட்கார வைப்பான். கைகாட்டி எதிரில் உட்கார்ந்து, மிஞ்சிய இரண்டு விரலால் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொள்வான். இந்த ஒரு வேலைக்கு நான் போதும் அத்தான் என்பான். கிளி முதலில் உள்ளதைத்தான் சொன்னாள். தூரத்தில் வெட்டுது என்றாள். சில நாள் வெட்டவே இல்லை என்றாள். கண்ணில் நீர் வரும், தலையைப் பிடித்துக்கொள்வாள்.

வெயிலானால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கதவோரம் நின்று, மேடம் எந்தப் பதிலுக்குத் தலையாட்டுகிறாள் என்று கவனித்தான். பிறகு மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். "சிவப்பைக் காட்டுனா, ரெண்டு கயிறு, சிவப்புல வெட்டுதுன்னு சொல்லு. மஞ்சளைக் காட்டுனா மஞ்சள்ல. பட்டுனு சொல்லணும், யோசிக்கக் கூடாது." அட்டை எழுத்துகளையும் அப்படியே நெட்டுருப் போட வைத்தான். தன் பங்குக்கு ஒரு தகப்பன் செய்ய வேண்டியதை முழு மனதோடு செய்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிளி, கிளியாயிற்றே. அடுத்தடுத்த வாரங்களில் தூள் கிளப்பினாள். மேடம் பூரித்துப்போய்ப் பயிற்சியைக் கடினமாக்கினாள். வீட்டில் ஒரே சந்தோஷம். கைகாட்டி மிட்டாய் வாங்கிவந்தான். ஆனால் புத்தகத்தை விரித்தால் பழைய கதைதான். புதிய பக்கம் என்றால் குழந்தை வெளிறிப்போவாள், வாசலுக்கு ஓடி வாந்தி எடுப்பாள். எழுத்துகள் இன்னும் மேலே ஏறிக்கொண்டேயிருந்தன. இத்தனை தேறியும் ஏன் வாசிப்பு வரவில்லை என்று டீச்சர் கேட்டனுப்பினார். அம்மாக்காரி மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். வருடம் பாதியைத் தாண்டிவிட்டது.

ஒரு சாயங்காலம் கிளியும் வெயிலானும் கைகாட்டியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எப்போதும் மணிக் கயிற்றைப் பிடிக்கிற உதவியாளர் அன்று வரவில்லை. கைகாட்டி, பழகிய வேலைதானே என்று முனையை வாங்கிக்கொண்டான். மேடம் கிளியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கறுப்புத் துணி மூடி ஒன்றை எடுத்து அவளுடைய இடது கண்ணில் கட்டினாள்.

"இப்ப சொல்லும்மா. எத்தனை கயிறு தெரியுது?"

"ரெண்டு," என்றாள் கிளி, பட்டென்று. "சிவப்புல வெட்டுது."

ஒரு கண்ணைக் கட்டிவிட்டால் யாருக்கும் ஒரு கயிறுதான் தெரியும். அந்த அறையில் அது தெரியாதவன் வெயிலான் ஒருவன்தான். மகள் சரியாகத்தானே சொன்னாள் என்று அவன் சிரித்த முகமாகவே நின்றான்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று மேடம் மெதுவாகக் கேட்டாள். கிளி அப்பாவைப் பார்த்தாள். மேடம் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இது பரீட்சை இல்லை, இங்கே தப்பான பதிலே கிடையாது, என்ன தெரிகிறதோ அதைச் சொன்னால்தான் எந்தப் பக்கம் இழுப்பது என்று எனக்குத் தெரியும் என்றாள். வீணாகப் போன வாரங்களைப் பற்றி அவள் பேசவே இல்லை. கிளி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண் கட்டை அவிழ்த்துவிட்டு எத்தனை தடவை கேட்டும் பேச்சு வரவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்த பதில் தப்பு என்றால், வேறு எந்தப் பதிலை நம்புவது?

கடைசியில் அவள் வாயைத் திறந்தது மேடத்திடம் இல்லை.

"அப்பா, உனக்கு எப்படித் தெரியுது? நீ பாத்துச் சொல்லு."

வெயிலான் ஸ்டூலில் உட்கார்ந்தான். கயிற்றின் நுனியை மூக்கில் வைத்தான். இவ்வளவு நாளும் மகளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்தானே தவிர, ஒருநாளும் தான் பார்த்ததில்லை. சிவப்பு மணி தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கயிறு, பின்னால் அதே கயிறு. தலையைச் சாய்த்தான், கண்ணைக் கொட்டினான். ஒன்றுதான். இரண்டு என்பது சும்மா கடவுச்சொல் மாதிரி என்று நினைத்திருந்தானே, மனிதர்களுக்கு நிஜமாகவே இரண்டு தெரியுமா? கயிறு நேராகப் போய், மறுமுனையில் கைகாட்டியின் இரண்டு விரலில் முடிந்தது.

பட்டென்று சொல்லியிருக்கலாம், ரெண்டு என்று. நாக்கு நுனியில்தான் இருந்தது. மகள் தோளருகே நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு," என்றான். "எனக்கு ஒண்ணுதான் தெரியுது."

கிளி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மேடம் குனிந்து அவன் கண்களைப் பார்த்தாள். ஒரு கண் வேலையே செய்வதில்லை, மூளை அதை எப்போதோ ஒதுக்கிவிட்டது என்றாள். பயப்பட வேண்டாம், பழகிவிட்டிருக்கும், ஆனால் ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சரியாகப் பிடிபடாது என்றாள். பிறகு பேச்சுவாக்கில், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

கயிறு தொய்ந்து விழுந்தது. கைகாட்டி எழுந்து நின்றிருந்தான்.

"அன்னைக்கு மேகமா இருந்துச்சு, அத்தான்," என்றான்.

வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இரண்டு விரல்தான் என்றாலும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத்தான் போனான்.

அவர்கள் வீடு சேர்ந்தபோது கைகாட்டியின் பெட்டி இல்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் இஸ்திரி போட்டுக் காய்த்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை நீங்க என்றே கூப்பிட்டு வந்தவள்.

"என் தம்பி கையத் தின்ன," என்றாள். "இப்ப என் பொண்ணு கண்ணுலயும் கைய வச்சிட்ட."

அதற்குப் பிறகு அவள் நீங்க என்று சொன்னதே இல்லை.

மறுநாள் வெயிலான் கிரேனில் ஏறவில்லை. நல்ல வெயில்தான், தேநீர் டம்ளரை வைத்து விளையாடுகிற வெயில். நேராக மேலாளர் அறைக்குப் போனான். தன் கண்ணைப் பற்றிச் சொன்னான், வருடாவருடம் ஒப்பித்ததைச் சொன்னான். மச்சான் கையைச் சரியான நேரத்தில்தான் காட்டினான், தப்பு என்னுடையது என்றான். மேலாளர் ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நல்ல மனுஷர்தான், டீ சொல்லி அனுப்பினார். பழைய விஷயம் முடிந்துபோன விஷயம், அதைக் கிளறினால் கிடங்கு முழுக்க நாறும் என்றார். கிரேனிலிருந்து அவனை அன்றே இறக்கினார்கள். குழாய் முனைகளுக்குத் துருப் பிடிக்காத பூச்சு அடிக்கிற வேலை கொடுத்தார்கள். கைகாட்டிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. வெயிலான் என்ற பெயர் மட்டும் மாறாமல் ஒட்டிக்கொண்டது. உச்சியில் புதிதாக ஏறிய பையனுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான்.

கிளிக்குப் பயிற்சி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்த முறை அவள் வாய் ஓயவில்லை. அப்பா சொன்ன அந்த ஒன்று என்ற சொல் எந்தப் பூட்டைத் திறந்ததோ, அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினாள். எழுத்து எல்லாம் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும் என்றாள். புள்ளிகள் ஒரு எழுத்தைவிட்டு இன்னொன்றுக்குத் தாவும் என்றாள். வரிக் கடைசியில் இருக்கிற சொல் ஊர்ந்து போகும், பிடிக்கப் போனால் வயிற்றைப் புரட்டும் என்றாள். எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது, மற்றவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் வாசித்துவிடுகிறார்கள் என்று நினைத்திருந்தாளாம். வெயிலான் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றான்.

இப்போது வீட்டில் கயிற்றை அவன் பிடித்தான். பதில் சொல்லிக்கொடுப்பதில்லை. வெட்டுகிற இடம் மணிக்கு அப்பால் ஒரு முழம் இருந்தது, பிறகு சாண் ஆயிற்று. சில நாள் திரும்பவும் முழத்துக்குப் போனது. கிளி அழுதாள், அப்பாவை எட்டி உதைத்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நோட்டில் எழுத்துகள் ஏறுவது குறைந்தது. ஒரு வாரம் முதல் இரண்டு வரி தரையில் காலூன்றி நின்றது.

ஆனால் தேர்வு காத்திருக்கவில்லை. டீச்சர் பார்க்காத பக்கத்தைக் கொடுத்தார். கிளி விரலை வைத்து முதல் வரியை வாசித்தாள். நெட்டுருப் போட்டதில்லை, நிஜமாகவே வாசித்தாள். இரண்டாவது வரியையும் வாசித்தாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். டீச்சர், ரெண்டா போயிடுச்சு, கொஞ்சம் இருங்க என்றாள். டீச்சர் கொஞ்சம் இருந்தார். பின்னால் வகுப்பு முழுக்க வரிசையில் நின்றது. அடுத்த பிள்ளையைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பொய்யாகக் கடகடவென்று வாசித்த காலத்தில் கைதட்டு வாங்கியவள், உள்ளதை வாசித்த வருடம் பின்கட்டுக்குப் போனாள். பசை வாசனையோடு வீட்டுக்கு வந்தாள்.

அங்கே பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை என்றாள்.

மறு தேர்வு உண்டா என்று வெயிலான் கேட்கப் போனான். யாரும் கேட்டதில்லையே என்றார் டீச்சர், பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் கயிறு பிடித்தார்கள். காலையில் ஒருமுறை, உறை ஒட்டிவிட்டு வந்த பிறகு ஒருமுறை.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை கைகாட்டி வந்தான். மரக்கடை ஒன்றில் காவல் வேலை பார்ப்பதாக அக்காவிடம் சொன்னான். கம்பளி இங்கேயே கிடக்கிறது, எடுத்துப்போக வந்தேன் என்றான். வெயிலான் இருக்கும் பக்கம் அவன் திரும்பவே இல்லை. வெயிலானும் ஏதோ சொல்ல எழுந்தவன், சொல்லாமல் சுவரோரம் நின்றான். மன்னிப்புக் கேட்பதற்கென்று நெட்டுருப் போட்டு வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"மாமா, உக்காரு," என்றாள் கிளி. "ஒரு பக்கம் படிக்கிறேன். இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல, சத்தியமா."

கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே அவன் உட்கார்ந்தான். அவள் வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி. பாதிப் பக்கம் வந்ததும் நின்றாள். பொறு மாமா, ஓடுது என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள், திறந்தாள், அதே சொல்லைத் திரும்பப் பிடித்து முன்னே போனாள். கைகாட்டி கம்பளியைக் கீழே வைத்தான். கடைசி வரியில் மறுபடி நழுவியது, இந்த முறை பிடிபடவில்லை. அவள் புத்தகத்தைத் தள்ளிவிட்டுப் பெட்டியிலிருந்து மணிக் கயிற்றை எடுத்தாள். மறுமுனையை வாங்க வெயிலான் கையை நீட்டினான்.

கைகாட்டி அதை எட்டி வாங்கிக்கொண்டான். அத்தானைப் பார்க்கவில்லை, கிளியைப் பார்த்தான். இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தான்.

"எத்தனை தெரியுது?"

"ரெண்டு," என்றாள். பிறகு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "மணிக்குக் கொஞ்சம் பின்னால வெட்டுது. நேத்து இதைவிடப் பின்னால இருந்துச்சு."

வெயிலான் ஓரடி முன்னால் வந்தான். ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அவன் நிழல் கயிற்றின்மேல் விழுந்தது.

"தள்ளி நில்லுப்பா," என்றாள் மகள். அவன் தள்ளி நின்றான். அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.